கூலி ஏறியதால் களம் போனது என்ற கதை

1

எல்லப்பா, கன்னியம்மா, மாரி, பிள்ளைகள் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து இந்தக் கடிதத்தைக் கேளுங்கள். எல்லப்பன் வாசிக்கட்டும். பழவேற்காட்டுக் கோட்டையில் எழுத்து வேலை பார்க்கிறவன், வேகமாக வாசிப்பான். ஆனால் அந்த வேகத்தில் எதையும் தாண்டிப் போகக் கூடாது. தாண்டினால் கன்னியம்மாவுக்குத் தெரிந்துவிடும். பொய் சொல்லும்போது அவனுக்குக் காது மடல் சிவக்கும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

நான் இந்தப் பத்தாவிக்கு வந்து வருகிற ஆடியோடு பன்னிரண்டு வருஷம் முடிகிறது. இத்தனை நாளில் இந்த ஜாவாத் தீவைப் பற்றி உங்களுக்கு எழுதியதெல்லாம் மழை, கொசு, காய்ச்சல், கால்வாய் நாற்றம். நல்லதாக எழுத அன்றைக்கும் ஒன்றும் இல்லை, இன்றைக்கும் இல்லை. விடிந்ததும் கால்வாய்க் கரைக்குப் போய்ப் படகுக்காரனிடம் மீன் வாங்குகிறேன். அவன் மலாயில் திட்டுவான், நான் நம்ம பேச்சில் திட்டுவேன், இரண்டு பேருக்கும் நன்றாகப் புரியும். பிறகு மீனைக் கீறி, உப்பு வைத்து, மூங்கில் தட்டியில் காயப்போட்டுவிட்டு, முன்னே காய்ந்ததைக் கடையில் வைத்து விற்பேன். கூட வேலைக்கு ஒரே ஒருத்தி. மினா என்று பாலித் தீவுக்காரி, புருஷன் இல்லாதவள், நாள் கூலி.

போன வாரம் இங்கே தமுக்கு அடித்தார்கள். கடைத்தெருவில் கூலிக்கு ஆள் வைக்கிறவன் நாளுக்கு இத்தனைக்குக் குறைத்துக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அபராதம். மினாவுக்கு நான் கொடுப்பதற்கு மேல் இன்னும் பாதி கொடுக்க வேண்டும். கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது, அதை மறைக்கப் போவதில்லை. உத்தரவு போட்ட துரை தன் வீட்டில் கும்பலாக அடிமைகள் வைத்திருக்கிறான். அடிமைக்குக் கூலி இல்லை, ஆகையால் அவனுக்கு இந்த உத்தரவும் இல்லை. ஒரே ஒரு ஆளைக் கூலிக்கு வைத்துக் கருவாடு விற்கிற என் கழுத்தில்தான் அது வந்து உட்காருகிறது.

அன்று மதியமே கருவாட்டுக் கடைக்காரர்கள் எல்லோரும் காத்தமுத்து கடையில் கூடினோம். இவர் நாகப்பட்டினத்துக்காரர், எங்களுக்குள் பெரிய கடை அவருடையது. ஆளுக்கு ஒருவரை வேலையைவிட்டு நிறுத்துவது, துறைமுகத் துரைக்கு மனு கொடுப்பது, இரண்டும் முடிவாயிற்று. மனுவை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். அதில் ஒரு வரி என்னைப் பற்றி. பழவேற்காட்டில் இதே மாதிரி உத்தரவினால் மீன் காயவைக்கும் களமும் பிழைப்பும் இழந்து, பெண்சாதி பிள்ளைகளை விட்டுக் கடல் தாண்டி வந்தவர் எங்களில் ஒருவர் இருக்கிறார் என்று. அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டு, துரை முன்னால் சத்தியமும் பண்ண வேண்டும்.

"பழவேற்காட்டாரே, நீங்க ஒருத்தரு போய் நின்னா போதும், நாங்க அத்தன பேரும் அழுததுக்குச் சமானம்" என்றார் காத்தமுத்து.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நடந்ததைச் சொல்ல என்ன யோசனை என்று சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் மினா கூலியை வாங்கிக்கொண்டு உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள். தமுக்கு அவள் காதிலும் விழுந்திருக்கும். நான் தட்டியை எடுத்து உள்ளே வைக்கப் போனேன். பிறகு போய்விட்டாள்.

பிள்ளைகளே, உங்களுக்கும் நான் சொன்னது அந்த மனுவில் இருக்கிற கதையைத்தான். கூலி ஏறியது, அதனால் களம் போனது, நைனா கப்பல் ஏறினார். அதில் முதலும் கடைசியும் உண்மை. நடுவில் இருப்பது நான் கட்டியது.

2

பழவேற்காட்டில் உத்தரவு வந்தபோது மாரிக்குப் பல் விழுகிற வயசு, அவனுக்கு ஞாபகம் இருக்காது. நம்ம களத்தில் அப்போது ஐந்து பெண்கள் வேலை செய்தார்கள். நாகம்மா, அவள் நாத்தனார் பொன்னி, இன்னும் மூன்று பேர். நெத்திலியை உச்சி வெயிலுக்குள் மூன்று தரம் புரட்ட வேண்டும், ஒரு தரம் விட்டாலும் அடிப்பக்கம் வேர்த்துப் புழு வைத்துவிடும். அதை அந்த ஐந்து பேருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கூலி நாளுக்கு இரண்டு காசு. அது போக, வீட்டுக்குப் போகும்போது அன்றைக்கு வந்த பச்சை மீனில் இரண்டு கையும் சேர்த்து ஒரு அள்ளு. எடை கிடையாது, கையில் எவ்வளவு நிற்குமோ அவ்வளவு. எல்லாக் களத்திலும் அதுதான் வழக்கம்.

நாகம்மாவுக்குப் பெரிய கை. உன்னுது கையா முறமா என்று நான் கேட்பேன். முறத்தை வைத்து வேலை வாங்கும்போது மட்டும் இனிக்கிறதா என்பாள். சிரித்துக்கொண்டே சொல்வாள், ஆனால் அள்ளுவதில் ஒரு மீன்கூடக் குறையாது.

அந்தச் சமயம் தெற்கே ஆங்கிலேயர்கள் புதிதாக ஒரு கோட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே கூலி அதிகம் என்று நம்ம ஊரிலிருந்து ஆட்கள் கூட்டமாகப் போனார்கள். நம்ம ஊர் ஒல்லாந்தர் கோட்டைக்கு மூட்டை தூக்க ஆள் இல்லை. உடனே உத்தரவு: பழவேற்காட்டில் யாரும் யாருக்கும் நாளுக்கு மூன்று காசுக்குக் குறைத்துக் கூலி கொடுக்கக் கூடாது. ஏழைகள் மேல் வந்த இரக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தங்கள் மூட்டை நகரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு காசு தானே என்று துரைக்கு மொழிபெயர்க்கிற துபாஷ் என்னிடம் சொன்னான். ஒரு காசு என் களத்தோடு நின்றால் சரி. அது ஊரெல்லாம் சுற்றிவிட்டுத்தான் என்னிடம் வந்தது. வலை இழுக்கிறவர்கள் கூட்டிக் கேட்டார்கள், கரையில் மீன் விலை ஏறியது. உப்பு சுமக்கிறவர்கள் கூட்டிக் கேட்டார்கள், உப்பு ஏறியது. பாய் முடைகிறவள்கூட ஏற்றினாள், அவளுக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை, அவளும் யாருக்கும் கொடுக்கவில்லை. அரிசி ஏறிச்சு, நான் இன்னா பண்றது என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான், ஆனாலும் அன்றைக்கு எனக்கு அவளைக் கண்டாலே ஆகவில்லை.

கப்பலுக்குக் கருவாடு போடுகிற பெரிய களத்துக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. விலையை ஏற்றினார், கோட்டையே வாங்கிக்கொண்டது. உத்தரவு போட்டவனே விலையும் கொடுத்தான். எனக்கு யார் கொடுப்பார்கள்? என்னிடம் வாங்குகிறவர்கள் தலையில் கூடை வைத்துத் தெருத்தெருவாய் விற்கிற பெண்கள். உங்கள் அம்மா சொன்னாள், கூறுக்கு அரைக் காசு ஏற்றுங்கள், வருகிறவர்கள் வருவார்கள், எல்லாரும்தானே ஏற்றுகிறார்கள் என்று. நான் கேட்கவில்லை. விலையை ஏற்றினால் கோட்டை சொன்னதற்குத் தலையாட்டியது போல ஆகும் என்று எனக்கு ஒரு வீம்பு. என் விலை ஏறாது, ஆள் கூலிச் செலவுதான் குறையும் என்று கரையில் நின்று பெரிய பேச்சுப் பேசினேன். கேட்டவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள், போய்த் தங்கள் மீனை விலை ஏற்றி விற்றார்கள்.

நான் செய்தது இரண்டு காரியம். அள்ளு மீனை நிறுத்தினேன். நாகம்மாவையும் பொன்னியையும் வேலையைவிட்டு நிறுத்தினேன். பொன்னியைப் போகச் சொன்னது நாகம்மா போன பிறகு அவள் முகம் தொங்கிக் கிடக்கும் என்பதற்காக. நாகம்மாவைப் போகச் சொன்னது அவள் கை பெரிசு, வாயும் பெரிசு என்பதற்காக. வேலை தெரியாதவள் யாரென்று பார்த்து நிறுத்தவில்லை. நல்ல வேலைக்காரியை முதலில் அனுப்பினேன்.

மிச்சம் இருந்த மூன்று பேரும் மூன்றாவது காசை வாங்கிக்கொண்டு நேராகக் கரைக்குப் போய் மீன் வாங்கினார்கள். முன்பு சும்மா கிடைத்த மீன். ஏறின விலைக்கு அந்தக் காசில் ஒரு கைகூட நிறையவில்லை. உத்தரவுக்கு முன்னால் இருந்ததைவிட அவர்கள் வீட்டுச் சட்டியில் மீன் குறைந்தது. சட்டப்படி நான் ஒரு தப்பும் செய்யவில்லை. கோட்டைக் கணக்கப்பிள்ளை வந்து பார்த்து, சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனான்.

3

நான் எதிர்பார்க்காதது ஒன்று அப்புறம் நடந்தது. சந்தைக்காரப் பெண்கள் கூடுதலாகச் சரக்குக் கேட்டு வந்தார்கள். கோட்டையில் மூட்டை தூக்குகிறவன், சுண்ணாம்புக் கிளிஞ்சல் பொறுக்குகிறவன், உப்பு அள்ளுகிறவன், வெறும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவன் எல்லாம் கஞ்சிக்கு நாலு நெத்திலி கேட்கிறானாம். கையில் ஒரு காசு கூட இருக்கிறதே. அரைக் காசு ஏற்றிச் சொன்னாலும் அந்தப் பெண்கள் வாங்கியிருப்பார்கள்.

கொடுக்க என்னிடம் சரக்கு இல்லை. மூன்று பேரும் உங்கள் அம்மாவும் எவ்வளவு புரட்ட முடியும்? எல்லப்பனையும் களத்தில் இறக்கினேன், அவன் இரண்டு நாளில் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டான். காய்ச்சலா இல்லையா என்று இப்போது அவன் காதைப் பாருங்கள். நல்ல நெத்திலி ஐந்தாறு பாய் நிறைய அடிப்பக்கம் வேர்த்துப் போனது. புழு விழுந்ததை உங்கள் அம்மா ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாலேயே கொண்டுபோய்க் குழி தோண்டிப் புதைத்தாள், அக்கம்பக்கம் பார்க்கக் கூடாது என்று.

நாகம்மாவும் பொன்னியும் சும்மா இருக்கவில்லை. முகத்துவாரத்துப் பக்கம் மேட்டு மணலில் இரண்டு பாய் விரித்துத் தாங்களே காயவைக்க ஆரம்பித்தார்கள். நாகம்மா புருஷன் நாகூரான் கழிமுகத்தில் இறங்கிக் கையாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறவன். ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் துழாவி, அகப்பட்டதைப் பறியில் போட்டுக்கொண்டே போவான். நாள் பூராவும் வாயில் பறி, பேச்சே கிடையாது. அவன் இறாலையும் வாங்கின கொஞ்சம் நெத்திலியையும் அவர்கள் காயவைத்தார்கள். அங்கே கூலிக்காரரும் இல்லை, கூலி கொடுப்பவரும் இல்லை. உத்தரவு அந்த மணலில் கால் வைக்க முடியாது. என்னைவிடக் கூறுக்கு அரைக் காசு குறைத்து விற்றார்கள், அதிலும் அவர்களுக்கு மிஞ்சியது.

என்னிடம் வந்துகொண்டிருந்த கூடைக்காரப் பெண்கள் மூன்று பேர் ஒரே வாரத்தில் அங்கே போனார்கள்.

உத்தரவின் மேல் இருந்த கோபம் எனக்கு அன்றோடு தீர்ந்தது. முழுக்க நாகம்மா மேல் திரும்பிவிட்டது. என்னிடம் கற்றுக்கொண்டு எனக்கே போட்டியா என்று சொல்லித் திரிந்தேன். அவள் என்னிடம் கற்றுக்கொள்ளவில்லை, நான்தான் களம் போட்ட புதிதில் அவளிடம் கேட்டுக் கேட்டுச் செய்தேன். உங்கள் அம்மா அதைச் சொன்னதற்கு அவளோடு பத்து நாள் பேசவில்லை.

4

இனிமேல் எழுதுவதுதான் நான் எழுத வேண்டியது.

மீன் காயவைக்கிற இடத்துக்குக் கோட்டைக்கு வரி கட்ட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். வெறும் மணலில் இரண்டு பாய் போட்டுக் காயவைக்கிற பொம்பளைகளை யாரும் கேட்டதில்லை. நான் போய்க் கணக்கப்பிள்ளையிடம் சொன்னேன். முகத்துவாரத்தில் வரி கட்டாமல் இரண்டு பேர் களம் நடத்துகிறார்கள், நாங்கள் வரியும் கட்டி, மூன்று காசு கூலியும் கொடுத்து எப்படிப் பிழைப்பது என்று. அவன் யார் என்று கேட்டான். பேர் சொன்னேன். எங்கே என்று கேட்டான். காட்டிவிட்டேன்.

மறுநாள் சேவகர்கள் போனார்கள். பாய்களை மடித்து எடுத்துக்கொண்டு, காய்ந்ததும் காயாததுமாக எல்லாவற்றையும் காலால் மணலில் தள்ளிவிட்டார்கள். நாகம்மாவைக் கோட்டை வாசலில் சாயங்காலம் வரை வெயிலில் உட்கார வைத்தார்கள். நான் அந்த வழியாகப் போகாமல் சுற்றிப் போயிருக்கலாம். போனேன், பார்க்க வேண்டும் என்றே போனேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"இன்னா அண்ணே, கூலி குடுக்க முடியலனு அனுப்பிச்ச. சரினு போனோம். சொந்தமா கஞ்சி குடிச்சா அதுவும் உனக்குப் பொறுக்கலயா?"

சேவகன் சிரித்தான். நான் காது கேளாதவன் போல நடந்து போனேன்.

மூன்றாம் நாள் ஊர் கூடியது. கோட்டையில் போய் ஊராரைக் காட்டிக் கொடுத்தவன் என்று கேள்வி. அப்படி ஒன்றும் இல்லை என்றேன், சத்தியம் பண்ணுகிறேன் என்றேன். அப்போது நாகூரான் எழுந்தான். அவன் குரலை அங்கே பாதிப் பேர் அன்றுதான் கேட்டிருப்பார்கள்.

"வாயில பறி கவ்விக்கினு இருக்கறவன் பேச மாட்டான்னு நெனச்சிட்ட. கழிமுகத்தாண்ட கணக்கப்பிள்ள வூட்டு வாசல்ல நீ நிக்கறப்ப நான் இடுப்பளவு தண்ணியில நின்னுக்கினு இருந்தேன். கண்ணு தெரியும் எனக்கு."

அவ்வளவுதான் பேசினான், உட்கார்ந்துவிட்டான். ஊர் அபராதம்கூடப் போடவில்லை. இனி எந்தப் படகும், எந்தத் தோணியும் எனக்கு மீன் போடாது என்றார்கள். கரையில் நான் போய் நின்றால் ஏலம் நின்றுவிடும், நான் நகர்ந்த பிறகுதான் தொடங்கும். பெண்கள் மூன்று பேரும் தாங்களாகவே நின்றுவிட்டார்கள். களத்தில் பாய்கள் வெறுமனே கிடந்தன. அந்த மாசமே களத்தை விட்டேன், கப்பலில் சமையல் ஆளாகச் சேர்ந்தேன். அதே கப்பலின் அடித்தளத்தில் உள்நாட்டுப் பஞ்சத்தில் அடிமையாக விற்கப்பட்டவர்களை ஏற்றியிருந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்றியது நான். என்னை யாரும் விற்கவில்லை, நானாக வந்தேன். அதைக்கூட யாரிடமும் சொன்னதில்லை.

பத்தாவியில் இறங்கியதும் ஏன் வந்தீர்கள் என்று கேட்டவனிடம், கூலியை ஏற்றிவிட்டார்கள், தாங்க முடியவில்லை என்றேன். அவன் உச்சுக் கொட்டினான். சுலபமாக இருந்தது. அதையே உங்களுக்கும் எழுதினேன், ஊர் பேசுவதெல்லாம் நாகம்மா வீட்டார் கட்டிய பொய் என்றும் எழுதினேன். உங்கள் அம்மாவுக்கு எல்லாம் தெரியும், என் மானத்துக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். கேளுங்கள், இனி சொல்லுவாள்.

5

எல்லப்பன் கடைசியாக எழுதிய ஓலை என்னிடம் இருக்கிறது. மகாராஜராஜஸ்ரீ தகப்பனாரவர்கள் சமூகத்துக்கு என்று தொடங்குகிறது. நான் என்ன உன் துரையா? நைனா என்று எழுதினால் கை தேய்ந்துவிடுமா? அதில் இரண்டு சேதி. மாரி அதே பழைய இடத்தில் களம் எடுத்திருக்கிறான். நாகம்மா மகள் வேலை கேட்டு வந்தாள், நம்மை நடுத்தெருவில் விட்ட குடும்பத்துக்கு வேலை கிடையாது என்று நீங்கள் திருப்பி அனுப்பினீர்கள்.

மாரி, அவளைக் கூப்பிடு. நான் சொல்லி அனுப்பியதாகச் சொல்லாதே, என் பேரைக் கேட்டால் வரமாட்டாள். மூன்று காசும் கொடு, அள்ளு மீனும் கொடு. கட்டுப்படி ஆகவில்லை என்றால் விலையை ஏற்று. ஏற்றினால் நாலு பேர் திட்டுவார்கள், இரண்டு பேர் வேறு களத்துக்குப் போவார்கள். அதைத் தாங்க முடியாவிட்டால் வேறு தொழில் பார். இதைப் புத்திமதியாகச் சொல்லவில்லை, அந்த உத்தரவு நல்லது என்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் அது எனக்குப் பிடிக்கவில்லை. துரைமார்கள் தங்கள் மூட்டைக்காக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறார்கள், நாம் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்துக்கொள்கிறோம். ஆனால் கழுத்தைப் பிடித்தது என் கை.

நேற்றுக் காத்தமுத்து கடைக்குப் போனேன். கையெழுத்துப் போட முடியாது, என்னைப் பற்றிய வரியை எடுத்துவிடுங்கள் என்றேன். எல்லோரும் இருந்தார்கள்.

"அப்ப இந்த உத்தரவு சரின்னு சொல்றீங்களா?" என்றார்.

சரியோ தப்போ, என் களத்தை அது எடுக்கல, நான்தான் எடுத்தேன் என்றேன். ஏன், எப்படி என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. மனுவைச் சுருட்டி வைத்தார். பிறகு, உப்பு நாங்கள் எல்லோரும் சேர்ந்து படகோடு வாங்குவது, இனி அதில் உங்களுக்குப் பங்கில்லை, தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். மற்றவர்கள் எனக்கு வழிவிட்டு நகர்ந்தார்கள். அப்படி நகர்வது எனக்குப் பழக்கமான விஷயம்.

இந்தக் கடிதத்தைக் கப்பலில் போடச் சீட்டு வாங்க வேண்டும். துறைமுகத்து எழுத்துக்காரன் மூன்று புத்தகத்தில் என் பேரை மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறான், மூன்று பேரும் சேர்ந்து வந்தால்தான் சீட்டு என்கிறான். நான் ஒருவன்தான் என்றால் அதற்குச் சாட்சி கேட்கிறான். நேற்று வரை சாட்சிக்குக் காத்தமுத்து இருந்தார். இனி வேறு யாரையாவது பிடிக்க வேண்டும். கடிதம் தாமதமாக வந்தால் காரணம் இதுதான்.

நேற்று அங்கிருந்து நேராகக் கடைக்குத் திரும்பினேன். மினா தட்டியில் மீனைப் புரட்டிக்கொண்டிருந்தாள். புதுக் கூலியைக் கையில் வைத்தேன், மீனையும் அள்ளிக்கொள்ளச் சொன்னேன். எண்ணிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மீனை மடியில் கட்டிக்கொண்டு போனாள். அவள் போன பிறகு மழை பிடித்தது, தெருவில் ஆள் இல்லை. இங்கே கடைக்கு வருகிறவர்கள் பத்துப் பாஷைக்காரர்கள். ஆகையால் விலையை வாயால் சொல்வதில்லை, கூறுக்கு எத்தனை காசோ அத்தனை முடிச்சுப் போட்டு ஒரு ஓலைக் கீற்றைக் கடை முகப்பில் தொங்கவிடுவோம். நான் அந்தக் கீற்றை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன். ஓலை காய்ந்து போயிருந்ததால் மழைத் தண்ணீரில் கொஞ்சம் நனைத்தேன். பிறகு இன்னும் ஒரு முடிச்சுப் போட்டு, தெருவில் வருகிறவர்களுக்குத் தெரிகிற உயரத்தில் திரும்பக் கட்டினேன்.